எந்தத் தியாகராஜன்? பட்டப்பெயர் பிறக்கிற விதம்

திருவாரூர் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "தியாகராஜன் வீடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எந்தத் தியாகராஜன்?" என்பார். அப்பா பெயரைச் சொல்வீர்கள், அவருக்குப் பிடிபடாது. தெருவைச் சொல்வீர்கள், அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு தியாகராஜன் இருப்பார்கள். கடைசியில், கரண்டு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் என்று நீங்கள் இழுக்கும்போது அவர் முகம் மலரும். "அட, நம்ம பீஸ்கட்டை வீடா? அப்படிக் கேக்கக் கூடாதா தம்பி" என்று எழுந்து, கூடவே வந்து, வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

பட்டப்பெயரின் முதல் வேலை இதுதான், ஆளை அடையாளம் காட்டுவது. கேலி, கிண்டல், பாசம், வன்மம் எல்லாம் அப்புறம் வந்து சேர்பவை. பட்டப்பெயர் என்றாலே யாரோ யாரையோ நக்கலடிக்க வைத்தது என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை மட்டும் பார்த்தவர்கள். கிராமத்தில் அது ஒரு விலாசம்.

ஒரே ஊரில் ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்? காவிரிப் படுகையில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பாதி பெற்றோர் என்றால் மீதிப் பாதி பக்கத்துக் கோயில். திருவாரூரைச் சுற்றித் தியாகராஜன், மன்னார்குடியைச் சுற்றி ராஜகோபால், சிதம்பரத்தில் நடராஜன், சுவாமிமலையில் சுவாமிநாதன், திருவிடைமருதூரில் மகாலிங்கம், கும்பகோணத்தில் சாரங்கபாணி, திருவையாற்றில் பஞ்சநதம், பஞ்சாபகேசன், வைத்தீஸ்வரன் கோயில் வட்டாரத்தில் வைத்தியநாதன், பெண் என்றால் தையல்நாயகி, நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி. வேளாங்கண்ணிப் பக்கம் ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும், நாகூரில் சாகுல் ஹமீது. சாமி ஒன்று, வேண்டுதல் பல, அதனால் ஒரு பள்ளிக்கூட வகுப்பில் வாத்தியார் "ராஜகோபால்" என்று கூப்பிட்டால் நாலு பையன்கள் எழுந்து நிற்பார்கள். இப்போது குழந்தைகளுக்கு ஜோசியர் சொல்லும் எழுத்தில் இணையத்தில் தேடிப் பெயர் வைப்பதால் இந்தக் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பொறுத்தவரை நிலைமை அதேதான்.

இதோடு இன்னொரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பொதுவாகக் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அப்பாவும் அதே கோயிலின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருப்பார் என்பதால் இனிஷியலும் கைகொடுக்காது. போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அத்தை மகன் என்று ஒரு வீட்டிலேயே மூன்று ராமசாமி. அதிலும் மருமகளுக்கு ஒரு சங்கடம் உண்டு: மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது "டேய் ராமசாமி, மண்ணுல விளையாடாத" என்று பிள்ளையை எப்படி அதட்டுவது? அதனால் அந்தப் பிள்ளை தம்பி ஆகிறான், துரை ஆகிறான், ராஜா ஆகிறான். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அன்றைக்குத்தான் பலருக்கு மாப்பிள்ளையின் நிஜப் பெயரே தெரியவரும்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மேலே பேசுவது எளிது. வீட்டுப் பெயர் ஒன்று, பட்டம் ஒன்று, பட்டப்பெயர் ஒன்று.

வீட்டுப் பெயர் என்பது செல்லமாகவோ சுருக்கமாகவோ வீட்டுக்குள் கூப்பிடுவது. வைத்தியநாதன் வைத்தி, கிருஷ்ணமூர்த்தி கிட்டு, பஞ்சாபகேசன் பஞ்சு. சிலசமயம் இது வாசல் தாண்டி வந்து நிஜப் பெயரையே தின்றுவிடும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஒரு பையனுக்கு முறைப்படி வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் கூப்பிட்டது சாமிநாதன், அதையும் சுருக்கிச் 'சாமா'. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, உனக்கு வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் விசாரித்து, அந்த வீட்டுப் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்தார். உ.வே. சாமிநாதையர் என்று நாம் சொல்வது அந்தப் பெயரைத்தான், வேங்கடராமனை யாருக்கும் நினைவில்லை. 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் டி.ஆர். மகாலிங்கமும் ஊர் சாமியின் பெயரில் வந்தவர்தான். அவரை ரசிகர்கள் கடைசிவரை மாலி என்றே சொன்னார்கள்.

பட்டம் என்பது மேடை போட்டு, பொன்னாடை போர்த்திக் கொடுப்பது. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதிக்கு 'கலைஞர்' என்று பெயர் கொடுத்தது நடிகர் எம்.ஆர். ராதா என்பார்கள், அது பட்டம். வாண்டையார், மழவராயர், மூப்பனார் என்று சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதையும் தஞ்சை வட்டாரத்தில் பட்டம் என்றுதான் சொல்வார்கள், பட்டப்பெயர் என்றும் சொல்வார்கள், அதனால் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும். அது பரம்பரைச் சொத்து, அதை யாரும் புதிதாக வாங்க முடியாது. நான் இங்கே சொல்ல வருவது மூன்றாவது வகை. இதை யாரும் அறிவிப்பதில்லை, விழா எடுப்பதில்லை, எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டம் வாங்கினவர் அதை லெட்டர்பேடில் அச்சடித்துக்கொள்வார், பட்டப்பெயர் வாங்கினவர் அது தன் காதிலேயே விழாத மாதிரி நடந்துகொள்வார்.

சரி, இது எங்கிருந்து வருகிறது?

ரொம்ப சாதாரணமானது இடத்தை வைத்து வருவது. மேலவீட்டார், கீழவீட்டார், மாடிவீட்டார், குளத்தங்கரை வீட்டார். ஊரிலேயே முதன்முதலாக மெத்தை கட்டினவர் வீடு மாடிவீடு. இப்போது தெரு முழுக்க மாடிவீடாக இருந்தாலும் அவர்கள் வீடு மட்டும்தான் மாடிவீடு. தொழிலை வைத்து வருவதும் இப்படித்தான், சைக்கிள்கடை, ரைஸ்மில், சோடாக்கம்பெனி. சைக்கிள் கடையை மூடிவிட்டு செல்போன் கடை வைத்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், மகனுக்கு அந்தப் பஞ்சர் ஒட்டுகிற வேலை தெரியவே தெரியாது, ஆனாலும் அவன் சைக்கிள்கடைக்காரர் மகன்தான். கர்ணம், கிராம முன்சீப் என்று பரம்பரையாக இருந்த பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. ஆர்டர் போட்டுப் பதவியைத்தான் ஒழிக்க முடிந்தது. கணக்குப்பிள்ளை வீடும் மணியார் வீடும் இன்றைக்கும் அதே பெயரோடு அதே இடத்தில் இருக்கின்றன.

பெண்கள் விஷயத்தில் ஒரு தனி முறை இருக்கிறது, எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்ததும் அதுதான். கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு ஊர் வைப்பது அவளுடைய பிறந்த ஊரின் பெயரை. வலங்கைமான் அத்தை, நாச்சியார்கோயில் பெரியம்மா, கொரடாச்சேரி அக்கா. அந்த அத்தை வலங்கைமானை விட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும், அங்கே அவருக்கு இப்போது யாருமே இல்லாமல்கூட இருக்கலாம், ஆனால் புகுந்த ஊரில் கடைசிவரை வலங்கைமான்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். ரேஷன் கடையில் "சரோஜா யாரும்மா?" என்று கேட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதை ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்காக வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடுகிற பெண்களை, ஒவ்வொருவராகச் சொல்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், அப்புறம்தான் பெயர். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு நூறு கலம் நெல். 400 பேர் இருக்கிற இடத்தில் ஒரே பெயரில் பலர் இருக்கத்தான் செய்வார்கள், நெல்லை மாற்றி அளந்துவிடக் கூடாது அல்லவா. கல்வெட்டில் திருவையாற்றிலிருந்து வந்தவர் என்று செதுக்கினதும், தெருவில் வலங்கைமான் அத்தை என்று கூப்பிடுவதும் ஒரே கணக்குதான்.

நாதஸ்வர, தவில் வித்துவான்களுக்கும் இதே வழக்கம், வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று. ஆனால் பிறந்த ஊர்தான் ஒட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகலில், ஆனால் உலகத்துக்கு அவர் திருவாவடுதுறை.

போன ஊரும் பெயராகும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடின காலம் ஒன்று இருந்தது. ரஜூலா கப்பல், அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1984-ல் நடுக்கடலில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அதற்குள் இங்கே ஊருக்கு ஊர் பினாங்கார், சிங்கப்பூரார், ரங்கூனார், கொழும்பார் உருவாகிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், போய் நன்றாகச் சம்பாதித்து வந்தவருக்கு மட்டும் அந்தப் பெயர் இல்லை, போன வேகத்தில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அடுத்த கப்பலில் திரும்பி வந்தவரும் பினாங்கார்தான். எங்கள் பக்கத்தில் ரங்கூனார் வீட்டுப் பேரன் ஒருவர் இருக்கிறார், திருச்சியைத் தாண்டினதில்லை. அவரிடம் போய் ரங்கூனில் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், "அதெல்லாம் தெரியாதுங்க, பேரு மட்டும்தான் பாகத்துல வந்துச்சு" என்பார்.

சம்பவத்தில் பிறக்கிற பெயர்களும் உண்டு. 1952 நவம்பர், 1977 நவம்பர், 2018 நவம்பரில் கஜா என்று கடற்கரையை ஒட்டின ஊர்கள் புயலை வைத்தே வயசைக் கணக்குப் பண்ணும். புயலடித்த ராத்திரியில், கூரை பறந்த வீட்டில் பிறந்த பையனுக்குப் புயல் என்று பெயர் வந்தால் அதை யாரும் யோசித்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது, அது தானாக விழுந்தது. அந்தப் பையன் வளர்ந்து ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத சாதுவாக ஆகி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் புயல் மாமா ஆகிவிடுவார்.

எல்லாவற்றிலும் சுவையானது வாயில் வந்த ஒரு வார்த்தை பெயராவது. எங்கள் ஊரில் கூட்டுறவு சொசைட்டிக் கூட்டம் ஒன்று நடந்தது, உர மூட்டை விநியோகத்தில் ஏதோ தகராறு. வழக்கமாகக் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திடீரென்று எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் தீர்மானமா ஒண்ணு சொல்றேன்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அவருக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. "தீர்மானமா சொல்றேன்" என்றார் மறுபடியும். அப்புறம் இன்னொரு தடவை. அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன் "தீர்மானம் நிறைவேறிடுச்சு, உக்காருங்க" என்றான், கொட்டகையே அதிர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் டீக்கடைக்கு வந்தபோது மாஸ்டர் "தீர்மானத்துக்கு ஒரு டீ" என்று குரல் கொடுத்தார். முடிந்தது கதை. அவர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் அந்தக் கடைக்கு வராமல் இருந்தார், எதிர்க்கடைக்குப் போனார், அங்கேயும் பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது "தீர்மானம் பேரனுக்குக் காதுகுத்து" என்றால்தான் ஊருக்கு விளங்குகிறது.

இதுவும் பழைய வழிதான். குறுந்தொகையில் பாட்டு எழுதின பலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் பாட்டில் இருந்த ஒரு நல்ல தொடரை எடுத்து அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடினவர் செம்புலப்பெயல்நீரார். 'குப்பைக் கோழித் தனிப்போர்' என்று எழுதினவர் குப்பைக்கோழியார். ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று பதறுகிற ஒற்றை ஏர்க்காரனைச் சொன்னவர் ஓரேருழவர், நாற்றங்கால் ஓட்ட டிராக்டர் கிடைக்காமல் அலைந்த எந்த டெல்டா விவசாயிக்கும் அந்தக் கவிஞரை உடனே புரியும். தீர்மானம் பாட்டு எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திறமையை வைத்து வந்த பெயர்களில் தஞ்சை வட்டாரத்துச் சங்கீதக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீணை, பல்லவி, தோடி, அடாணா எல்லாம் ஆட்களின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இதில் சங்கராபரணம் நரசய்யர் கதையை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார். சரபோஜி மன்னர் காலத்தவர், சங்கராபரண ராகம் பாடுவதில் மன்னன், அதனால் அந்தப் பெயர். அவருக்கு ஒரு சமயம் பணமுடை. கபிஸ்தலம் ராமபத்திர மூப்பனாரிடம் கடன் கேட்டார். ஏதாவது அடகு வேண்டுமே என்று மூப்பனார் சொல்ல, சங்கராபரணத்தையே அடகு வைக்கிறேன், கடனை அடைக்கும் வரை எங்கேயும் அதைப் பாட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் கும்பகோணத்தில் வாலீஸ் அப்புராயர் வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி, சங்கராபரணம் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள், பாட முடியாத காரணத்தை இவர் சொல்கிறார். அப்புராயர் பணத்தை வட்டியோடு கபிஸ்தலத்துக்கு அனுப்பினார். மூப்பனார் அதை வாங்கிப் பெட்டியில் போடவில்லை, மேலும் பணம் சேர்த்து நரசய்யருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு பட்டப்பெயரைக் காப்பாற்றின கதை வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதற்குள்ளேயே இன்னொரு பட்டப்பெயரும் இருக்கிறது, கவனித்தீர்களா? அப்புராயர் வாலீஸ் என்கிற வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடம் வேலை பார்த்தவர், அதனால் வாலீஸ் அப்புராயர். துரை பெயர் இவருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வேஷம் போட்டு வருவது ஒன்று. தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சூரக்கோட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கணேசன், அண்ணா எழுதின நாடகத்தில் சிவாஜியாக நடித்தார், பெரியார் அதைப் பார்த்துவிட்டுச் 'சிவாஜி' என்றார், மீதி எல்லோருக்கும் தெரியும். ஊர் நாடகங்களிலும் இப்படி ஒரே ஒரு வருஷம் நாரதர் வேஷம் கட்டிவிட்டு ஆயுசுக்கும் நாரதராக இருக்கிறவர்கள் உண்டு. நேர்மாறாக வைப்பதும் இருக்கிறது, ஆடி அசைந்து நடக்கிறவர் எக்ஸ்பிரஸ், ஆறடி ஆள் குட்டை. இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

உடம்பை வைத்து வருவதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நெட்டை, மொட்டை, கருப்பு என்பதெல்லாம் சிலரிடம் உறுத்தாமல் போய்விடும், ஆனால் காலையோ கண்ணையோ காதையோ வைத்துக் கூப்பிடுவது எந்தக் காலத்திலும் அவருக்கு வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார் என்பதால் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. இன்னொன்றும் உண்டு. பண்ணை நாட்களில் மிராசுதார் வீட்டுச் சின்னப் பையன், தாத்தா வயசுள்ள பண்ணையாளை வெட்டிச் சுருக்கின பெயரைச் சொல்லி வாடா போடா என்று கூப்பிடுவான். அந்தப் பெரியவருக்கும் நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைப் பட்டப்பெயர்க் கணக்கில் சேர்க்க எனக்கு மனசில்லை, அது அதிகாரம். ஒரு பெயர் பட்டப்பெயரா இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: அவர் திருப்பி உங்களுக்கு ஒன்று வைக்க முடியுமா?

எல்லாக் கிண்டலும் ஒட்டிக்கொள்வதில்லை, நூறு விழுந்தால் ஒன்று நிற்கும். நிற்கிறதுக்குச் சில லட்சணங்கள் உண்டு. முதலில், அதை அடுத்தவர் வைக்க வேண்டும். தனக்குத் தானே 'டைகர்' என்று வைத்துக்கொண்டு சட்டைப் பையில் எழுதிக்கொண்டு திரிந்தவரை ஊர் 'பூனை' ஆக்கின கதைகள் ஏராளம். இரண்டாவது, வைக்கிறபோது நாலு பேர் கூட இருக்க வேண்டும், டீக்கடை, சலூன், மதகடி, கதிரறுப்பு மெஷினுக்காகக் காத்திருக்கிற வரப்பு, இப்படி ஏதாவது ஓர் இடம். மூன்றாவது, கூப்பிட வசதியாக இருக்க வேண்டும், மூன்று நாலு எழுத்துக்கு மேல் போனால் வயலின் அக்கரையிலிருந்து கத்த முடியாது. இதெல்லாம் இருந்தும் ஆடிக்கொண்டிருக்கிற பெயரை ஆணி அடித்து நிறுத்துவது, பெயர் வாங்கினவரின் கோபம். "இனிமே அப்படிக் கூப்ட்டா மரியாதை கெட்டுடும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். கண்டுகொள்ளாமல் விட்டவர்களின் பெயர்கள் அடுத்த போகத்துக்குள் உதிர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு கட்டத்தில் பெயர் நிற்கும், கதை மறந்துவிடும். அப்போது ஊர் புதுக் கதை செய்துகொள்ளும். எங்கள் பக்கம் 'ஆறணா வீடு' என்று ஒரு வீடு உண்டு. ஆறணாப் பாக்கிக்காகத் தஞ்சாவூர் கோர்ட்டு வரைக்கும் வழக்கு நடத்தினவர்கள் என்று ஒருத்தர் சொல்வார். அந்த வீட்டுத் தாத்தா ஆறணாவோடு ஊருக்கு வந்து வேலி வேலியாக நிலம் வாங்கினார் என்று இன்னொருத்தர். கோயில் திருவிழாவுக்கு ஆறணா மட்டும் வரி கொடுத்தார்கள் என்று பங்காளி வீட்டார் சொல்வார்கள், அதில் பழைய பகை கொஞ்சம் கலந்திருக்கும். 1957-ல் நயா பைசா வந்து அணாவே மெல்ல மெல்ல இல்லாமல் போய்விட்டது, வழக்கு நடத்தின தாத்தாவோ நிலம் வாங்கின தாத்தாவோ இல்லை, பெயர் மட்டும் வட்டி போட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் சொல்கிற கதையும் ஒன்று இருக்கிறது, அது இந்த மூன்றிலும் சேராது.

ராஜாக்களுக்கும் இதே கதிதான். கல்லணை என்றதும் நினைவுக்கு வருகிற கரிகாலனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சின்ன வயசில் எதிரிகள் வைத்த தீயில் கால் கருகினதால் என்பது ஒரு கதை, பகைவரின் யானைகளுக்கு எமன் என்பது இன்னொரு கதை. உடம்புக் குறையில் பிறந்த பெயரை வீரத்தின் பெயராக யாரோ ஒரு நல்ல புலவர் திருப்பிவிட்டார் என்று நினைக்கத்தான் எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. பிற்காலச் சோழர்கள் விஷயம் இவ்வளவு குழப்பமில்லை. தக்கோலப் போரில் யானை மேலேயே உயிர் விட்ட ராஜாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்த சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. பரகேசரி, ராஜகேசரி என்று இரண்டே பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால் செத்தவர்களில் யார் எவர் என்று பிரித்துச் சொல்ல வேறு வழி வேண்டும் அல்லவா, எந்தத் தியாகராஜன் என்ற அதே கேள்விதான். இருப்பதிலேயே நல்ல பெயர் வாங்கினவர் முதல் குலோத்துங்கன், வரியைத் தள்ளுபடி செய்ததற்காகச் 'சுங்கம் தவிர்த்த சோழன்'.

புதிதாக ஓர் ஊருக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மரியாதை ஒன்று இருக்கிறது. முன்னால் சொல்லும் பெயர் வேறு, பின்னால் சொல்லும் பெயர் வேறு. "வாங்க பினாங்கார்" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், அவருக்குப் பெருமைதான். "வாங்க தீர்மானம்" என்று சொல்லக் கூடாது, அதற்கு அவருடைய வயசுக்காரராக, கூடப் படித்தவராக இருக்க வேண்டும். இளையவர்கள் உறவுமுறையைச் சேர்த்துக்கொண்டால் பாதி உறுத்தல் போய்விடும், சைக்கிள்கடை சித்தப்பா, ரைஸ்மில் மாமா. கடைசியில் 'ஆர்' போட்டால் உயரும், 'ஆன்' போட்டால் இறங்கும், அந்த ஓர் எழுத்தில் ஊரில் உங்கள் நிலவரம் தெரிந்துவிடும். வீடு தேடிப் போகிறவர் பட்டப்பெயரைச் சொல்லி விசாரிப்பதில் தப்பில்லை, ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதை மறந்துவிட வேண்டும். பீஸ்கட்டை வீட்டுக் கதவைத் தட்டி "பீஸ்கட்டை சார் இருக்காங்களா" என்று கேட்ட கூரியர் பையன் ஒருவன் உண்டு. அவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

எழுத்தில் இந்தப் பெயர்களுக்கு இடம் கொடுப்பது ஒரு குட்டி எழுத்து, (எ). என்கிற என்பதன் சுருக்கம். பத்திரம், போலீஸ் எப்.ஐ.ஆர்., பஞ்சாயத்துத் தேர்தல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றிலும் பார்க்கலாம். ஆள் உயிரோடு இருக்கும்வரை முகத்துக்கு நேரே சொல்லாத பெயரை அஞ்சலி போஸ்டரில் (எ) போட்டுக் கொட்டை எழுத்தில் அச்சடிப்பார்கள், வேறு வழியில்லை, தியாகராஜன் காலமானார் என்று மட்டும் போட்டால் எந்த வீட்டுக்கு மாலை கொண்டுபோவது? தேர்தல் சமயத்தில் வேட்பாளர்களே முன்வந்து போட்டுக்கொள்கிறார்கள். ஐந்து வருஷமாகக் கூப்பிட்டால் முறைத்தவர், ஓட்டு கேட்கும்போது மைக்கில் தானே சொல்வார். இப்போது அந்த வேலையை செல்போனும் செய்கிறது. ராஜா டிராக்டர், ராஜா பந்தல், ராஜா போர்செட், ராஜா மச்சான் என்று பதிந்து வைக்காத போன் எங்கள் பக்கம் கிடையாது, அதில் அந்தப் பந்தல் ராஜா தொழிலை விட்டாலும் பந்தல் போகாது.

உங்களுக்கு ஊரில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் நண்பர்களைக் கேட்காதீர்கள், சிரித்து மழுப்புவார்கள். ஊருக்குப் புதிதாக வந்த யாரையாவது டீக்கடைக்கு அனுப்பி, உங்கள் நிஜப் பெயரைச் சொல்லி வீடு எது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். திரும்பி வந்து "அப்படி யாரும் இல்லையாம்" என்று அவர் சொன்னால், வேலையைச் சொல்லி, தெருவைச் சொல்லி மறுபடியும் ஒருமுறை அனுப்புங்கள்.